‘சார்ஜ்’ ஒன்று, ஸ்பானிஷ் எட்டு: வேர்ட்ரெஃபரன்ஸ் அகராதி மதிப்பீடு

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு, மான்யதா, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஸ்பானிஷ் பேசும் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலும் சாட்டும் எழுதும் வேலையில் தமிழர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் வந்த வார்ப்புருவை ஸ்பானிஷில் இறக்கும்போது அவர்கள் திறக்கிற இணைய அகராதிகளில் ஒன்று வேர்ட்ரெஃபரன்ஸ். 1999இல் மைக்கேல் கெல்லாக் தொடங்கியது. காசு கிடையாது, விளம்பரம் உண்டு. கைபேசிச் செயலியும் இருக்கிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பல பொருள் கொண்ட ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருத்தமான ஸ்பானிஷ் சொல்லைத் தேட, இலவசமாகக் கிடைப்பவற்றில் முதலில் திறக்க வேண்டியது இதுதான். ஆனால் எந்தப் பொருள் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வருகிறவருக்கே அது உதவும். முடிவு செய்யாமல் வந்து முதல் வரியை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு மோசமான அகராதியும் இதுவும் ஒன்றுதான்.

‘சார்ஜ்’ என்று தேடிப் பாருங்கள். பக்கம் மூன்று பத்திகளாக விரியும். இடது பத்தியில் ஆங்கிலச் சொல்லும், அது பெயரா வினையா என்ற குறியும். நடுவில் அடைப்புக்குறிக்குள் அந்தப் பொருளை உணர்த்தும் ஓரிரு சொற்கள். வலது பக்கம் ஸ்பானிஷ். ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஆங்கில வாக்கியம், பெரும்பாலும் அதன் மொழிபெயர்ப்பும். வேலை அவசரத்தில் கண் இடதிலிருந்து வலதுக்குத் தாவிவிடும். உயிர் இருப்பதோ நடுப்பத்தியில்.

இந்த ஒரு சொல்லுக்கே எத்தனை வழி பிரிகிறது என்று பாருங்கள். வாடிக்கையாளரிடம் பணம் வாங்குவது கோப்ரார். கைபேசிக்கு மின்னேற்றுவது கார்கார். குற்றம் சாட்டுவது அகுசார். காளை முட்டப் பாய்வது எம்பெஸ்தீர். அலங்காநல்லூரைப் பற்றி யாராவது ஸ்பானிஷில் எழுதினால் தேவைப்படும். இவை நான்கும் வினை. பெயர்ச்சொல்லாக வந்தால் கதை வேறு. கடன் அட்டையில் விழுந்த பற்று கார்கோ. பேட்டரியின் மின்னேற்றம் கார்கா. வெடிகுண்டில் அடைத்த மருந்துக்கும் அதே சொல். தவணை தவறியதற்குப் போடும் கூடுதல் தொகை ரெகார்கோ. கடையில் பொறுப்பில் இருப்பவர் என்கார்காதோ. போதாததற்கு, கார்கோ என்பதற்குப் பதவி என்றும், நீதிமன்றத்தில் சுமத்தும் குற்றச்சாட்டு என்றும் பொருள் உண்டு.

‘உங்களிடம் இரண்டு முறை பணம் எடுத்துவிட்டோம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘லே கோப்ராமோஸ் தோஸ் வேசெஸ்’ என்பது சரி. இதில் கார்கார் வினையைப் போட்டால் படிப்பவர் ஒரு நொடி தடுமாறுவார். பணத்துக்கு அந்த வினையே வராது என்பதில்லை. கணக்கில் பற்று எழுதுவதற்கு அதையும் சொல்வார்கள். ஆனால் அப்போது ‘உங்கள் கணக்கில்’, ‘உங்கள் அட்டையில்’ என்று இடமும், எவ்வளவு என்று தொகையும் கூடவே வர வேண்டும். அது இல்லாமல் ஆளின் மேல் தனியாக நின்றால் ஏற்றுவது, சுமப்பது என்ற பக்கமே இழுக்கும். இத்தகைய நுணுக்கம் நடுப்பத்தியில் முழுதாகக் கிடைக்காது; கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தில் கிடைக்கும். அதனால் வலது பத்தியில் சொல்லைப் பிடித்தவுடன் நிற்காமல், வாக்கியத்தில் அதோடு என்ன உருபு, என்ன முன்னிடைச்சொல் வருகிறது என்றும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: தேடுகிற பொருள் சில நேரம் முதல் அட்டவணையில் இல்லாமல் பக்கத்தின் அடியில், கூட்டுச்சொற்கள் பகுதியில் இருக்கும். கட்டணமில்லாமல் என்பதற்கான ஆங்கிலத் தொடரில் ‘சார்ஜ்’ இருக்கிறது. ஸ்பானிஷில் அது கிராதிஸ் அல்லது சின் கார்கோ. தனிச்சொல்லை எடுத்து ஒட்டவைத்தால் கிடைக்காது. ஆங்கிலத் தொடரில் இரண்டு மூன்று சொல் சேர்ந்தே ஒரு பொருள் தருகிறது என்றால், நேராக அடிப்பகுதிக்குப் போவதே நேரம் மிச்சம்.

சரி, எந்தப் பொருள் என்பதை எப்படி முடிவு செய்வது? இந்த அகராதியில் தமிழ் கிடையாது. ஆனாலும் தமிழர்களுக்குத் தமிழே நல்ல சல்லடை. ஆங்கில வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலம் ஒரே சொல்லில் மூட்டை கட்டியதைத் தமிழ் பிரித்துவிடும். ‘டேட்’ என்பது தேதியா, இருவர் சந்திக்கும் நேரமா, பேரீச்சம்பழமா? ஃபேச்சா, சீதா, தாத்தில். ‘நெயில்’ நகமா ஆணியா? ஊஞ்ஞா, கிளாவோ. ‘லெட்டர்’ கடிதம் என்றால் கார்தா, எழுத்து என்றால் லேத்ரா. ‘கார்னர்’ இன்னும் அழகு: அறைக்குள் இருக்கும் மூலை ரின்கோன், தெரு முக்கு எஸ்கீனா. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாக இருக்க, நாமும் ஸ்பானியர்களும் உள்ளே வெளியே என்று பார்த்துவைத்திருக்கிறோம்.

‘டைம்’ எடுத்துக்கொண்டால், எத்தனை மணி என்று கேட்க ஓரா; அடுத்த தடவை என்று சொல்ல வேஸ்; நேரமே இல்லை என்று அலுத்துக்கொள்ள தியெம்போ; அந்தக் காலத்தில் என்பதற்கு ஏப்போகா. மணி, தடவை, நேரம், காலம் என்று தமிழ் ஏற்கெனவே நான்காகப் பிரித்துத் தந்துவிட்டது.

இந்தச் சல்லடை ஓட்டையாவது எங்கே என்றால், பெங்களூர்த் தமிழில். நாம் தமிழில் சொல்வதாக நினைத்துக்கொண்டு ‘ஆர்டர் போட்டேன்’, ‘கலெக்டர் ஆர்டர்’, ‘ஆர்டரா அடுக்கு’ என்கிறோம். மூன்றிலும் ஆங்கிலச் சொல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, எதுவும் பிரியவில்லை. சரக்கு கேட்டு அனுப்பியது பெதீதோ. மேலிடத்து உத்தரவு லா ஓர்தென். வரிசை ஒழுங்கு எல் ஓர்தென். கடைசி இரண்டும் ஒரே எழுத்து, ஒரே ஒலி, பால் மட்டும் வேறு. ‘லைட்’, ‘பில்’, ‘சார்ஜ்’, ‘டிக்கெட்’ எல்லாம் இதே கதிதான். உத்தரவு, வரிசை, வெளிச்சம், லேசான, ரசீது என்று தமிழ்ச்சொல்லே வாயில் வரும் வரை அகராதிப் பக்கத்தைத் திறக்காமல் இருப்பது நல்லது. கொஞ்சம் பழைய பாணி அறிவுரைதான், ஆனால் வேலை செய்கிறது.

‘பில்’லைத் தனியாகச் சொல்ல வேண்டும். உணவகத்தில் மேசைக்கு வருவது குவென்தா. மின்வாரியமோ நிறுவனமோ அனுப்புவது ஃபக்தூரா. பணத்தாள் பியேதே. நாடாளுமன்றத்தில் வைக்கும் மசோதா ப்ரோயெக்தோ தே லேய். பறவையின் அலகு பீக்கோ. இதில் குவென்தா என்பதைத் திரும்ப ஸ்பானிஷ் பக்கத்திலிருந்து தேடினால் வங்கிக் கணக்கு, கணக்கீடு, மாலையின் மணி என்றெல்லாம் விரியும். அதனால் சந்தா சேவைக்கு எழுதும் கடிதத்தில் ‘உங்கள் குவென்தா’ என்று மட்டும் விட்டால் பயனர் கணக்கா, கட்ட வேண்டிய தொகையா என்று குழம்ப இடமுண்டு. தொகையைச் சொல்வதென்றால் ஃபக்தூரா என்றே எழுதிவிடலாம்.

தமிழும் கைவிடும் இடங்கள் உண்டு. ‘கேள்’ என்ற ஒரே வினையால் நாம் மூன்று காரியம் செய்கிறோம். வழி கேட்பது ப்ரெகுந்தார், கடன் கேட்பது பெதீர், பாட்டுக் கேட்பது எஸ்குச்சார். ஆங்கிலம் மூன்றாவதைப் பிரித்துவிட்டாலும் முதல் இரண்டுக்கும் ஒரே சொல்தான் வைத்திருக்கிறது. ஆக, வாடிக்கையாளரிடம் விவரம் விசாரிக்கிறோமா, ஆவணம் அனுப்பச் சொல்கிறோமா என்று இங்கே நாமே நிறுத்திப் பார்க்க வேண்டும். மீனும் அப்படித்தான். ஹலசூரு ஏரியில் நீந்துவது பேஸ், பிடிபட்டுத் தட்டுக்கு வந்துவிட்டால் பெஸ்காதோ. (மேலே ‘வேஸ்’ என்று எழுதிய தடவைக்கான சொல்லும் ஒலிப்பில் மெல்லிய பகரத்தோடு ‘பேஸ்’தான்; தமிழ் எழுத்தில் ‘ப’ ஒன்றே இருப்பதால் மீனோடு குழம்பாமலிருக்க வகரம் போட்டேன். ஸ்பானிஷில் வகரம் தனி ஒலியாக இல்லை.) ‘தெரியும்’ என்பதற்கும் இரண்டு: பதில் தெரியும், நீந்தத் தெரியும் என்றால் சபேர், அவரைத் தெரியும், இந்த ஊர் தெரியும் என்றால் கொனோசேர்.

‘ரைட்’ இரண்டு பக்கமும் ஏமாற்றும். உரிமை தெரேச்சோ, வலப்பக்கம் தெரேச்சா, சரியான விடை கொர்ரெக்தோ. ஆனால் ‘நீங்கள் சொல்வது சரி’ என்பதற்குக் கொர்ரெக்தோவை இழுத்து வாக்கியம் கட்டினால் இயல்பாக இருக்காது; ‘தியேனே ராசோன்’, அதாவது நியாயம் உங்களிடம் இருக்கிறது என்றுதான் அவர்கள் சொல்வார்கள். வழி சொல்லும்போது இன்னும் கவனம். தெரேச்சோ என்றால் நேராகப் போ. தெரேச்சா என்றால் வலப்பக்கம் திரும்பு. சரக்குக் கொண்டுபோகும் ஓட்டுநருக்கு எழுதுகிற குறிப்பில் கடைசி உயிரெழுத்து ஒன்று மாறினால் வண்டி வேறு தெருவில் நிற்கும்.

மீண்டும் பக்கத்துக்கு வருவோம். வேர்ட்ரெஃபரன்ஸில் ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் உள்ள சிறிய இலக்கணக் குறிகளை அலங்காரமாக நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். பிழைகள் நுழையும் வாசல் அதுதான். செயப்படுபொருள் ஏற்கும் வினையும் ஏற்காத வினையும் தனித்தனி வரிசையில் இருக்கும். ‘ரன்’ என்று தேடினால், நீங்கள் ஒரு நிரலை ஓட்டுகிறீர்கள் என்றால் எஹெகுதார். இயந்திரம் தானே ஓடுகிறது என்றால் ஃபுன்சியோனார். ஆள் ஓடினால் கொர்ரேர். கடையை நடத்தினால் அத்மினிஸ்த்ரார். சரக்கு தீர்ந்துபோனால் அகோதார்சே. ‘ஓட்டு’, ‘ஓடு’ என்று நாம் பிறவினை தன்வினை பிரிப்பது போலவே இது. அந்தக் குறியைப் பார்க்காமல் எடுத்த வினைக்குப் பின்னால் செயப்படுபொருளை வைத்தால் வாக்கியம் நொண்டும்.

பெயர்ச்சொல்லில் பார்க்க வேண்டியது பால். ஓர்தென் மட்டும் அல்ல. எல் காபிதால் முதலீட்டுப் பணம், லா காபிதால் தலைநகரம். எல் ஃப்ரென்தே போர்முனை, லா ஃப்ரென்தே நெற்றி. சொல்லை மட்டும் எழுதிவைத்துக்கொண்டால் போதாது, முன்னால் உள்ள எல், லா இரண்டில் ஒன்றையும் சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும்.

மேலே உள்ள பட்டியில் ‘ரிவர்ஸ்’ என்றொரு வசதி இருக்கிறது, பலரும் தொடுவதில்லை. அதே ஆங்கிலச் சொல், ஸ்பானிஷ்–ஆங்கிலப் பக்கத்தில் எந்தெந்த ஸ்பானிஷ் சொற்களுக்கு விளக்கமாக வருகிறது என்று காட்டும். பக்கத்திலேயே காலின்ஸ் அகராதியின் பதிவும் உண்டு. தேர்ந்தெடுத்த சொல்லை ஒருமுறை ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்பித் தேடுங்கள். நீங்கள் எண்ணிய பொருள் மேல்வரிசையில் வந்தால் எடுத்துக்கொள்ளலாம். எங்கேயோ கீழே, அரிதான பொருளாக வந்தால், அல்லது அசிங்கமான பொருள் ஏதாவது கூடவே எட்டிப் பார்த்தால், வேறு சொல் தேடுங்கள்.

அசிங்கம் என்றதும் கொஹேர் நினைவுக்கு வர வேண்டும். ஸ்பெயினில் பேருந்து பிடிப்பது, பையை எடுப்பது எல்லாவற்றுக்கும் சாதாரணமாகச் சொல்கிற வினை. மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது படுக்கையறைச் சொல், அதுவும் கொச்சையாக. அங்கே தோமார் பாதுகாப்பு. நாட்டுக்கு நாடு மாறும் சொற்களுக்கு வேர்ட்ரெஃபரன்ஸ் சுருக்கக் குறி போட்டுத்தான் வைத்திருக்கிறது. கணினி ஸ்பெயினில் ஓர்தெனதோர், மெக்சிகோவில் கொம்புததோரா. கைபேசி ஸ்பெயினில் மோவில், மெக்சிகோவில் செலுலார். பயணச்சீட்டு ஸ்பெயினில் பியேதே, மெக்சிகோவில் போலேதோ. திரைப்படத்துக்கு என்றால் என்த்ராதா. போக்குவரத்துக் காவலர் நீட்டும் சீட்டு மூல்தா. எந்த நாட்டு வாடிக்கையாளர் என்பதை வேலை நேரமே சொல்லிவிடும்: மெக்சிகோ நகரம் நமக்கு 11 மணி 30 நிமிடம் பின்னால் இருப்பதால் அவர்களின் பகல் நம் இரவுப்பணி. ஆனால் வார்ப்புரு ஸ்பெயினுக்காக எழுதியதாக இருந்தால், அதை அப்படியே மெக்சிகோவுக்கு அனுப்புவதற்கு முன் இந்த நான்கைந்து சொற்களையாவது மாற்ற வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ‘கெட்’, ‘செட்’, ‘டேக்’ போன்ற சொற்களுக்குப் பக்கம் மைல் கணக்கில் நீளும். கைபேசித் திரையில் விளம்பரங்களுக்கு நடுவே நடுப்பத்தி விளக்கத்தைப் படிப்பது எரிச்சல். பொருள்களை எந்த அளவுக்குப் புழக்கம் என்று வரிசை எண் போட்டுச் சொல்வதில்லை. ஒரு பொருளுக்கு எதிரே காற்புள்ளியிட்டு இரண்டு மூன்று ஸ்பானிஷ் சொற்கள் நிற்கும்போது, அவற்றுக்குள் எது கடிதத்துக்கு, எது பேச்சுக்கு என்று எப்போதும் தெரிவதில்லை. பக்கத்தின் அடியில் உள்ள கேள்வி–பதில் தலைப்புகள் இங்கே கைகொடுக்கும். முழு வாக்கியத்தையும் சூழலையும் கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது அங்கே விதி. அதனால் பதில்களும் சூழலோடு இருக்கும். பதில் சொல்பவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஸ்பானிஷ்டிக்ட் ஒத்த சொற்களை ஒப்பிட்டுக் காட்டுவதிலும், வினையின் திரிபு அட்டவணையிலும் நன்று; மொழி கற்கத் தொடங்கியவருக்கு முதலில் அதுதான் பிடிக்கும். 2009இல் வந்த லிங்குயி இணையத்தில் ஏற்கெனவே உள்ள மொழிபெயர்ப்புகளிலிருந்து இணை வாக்கியங்களை எடுத்துக் காட்டும். சொல்லைத் தேர்ந்தெடுத்த பிறகு, அது எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்று பார்க்கத்தான் அதைத் திறக்க வேண்டும், சொல்லைத் தேர்ந்தெடுக்க அல்ல. ஐரோப்பிய அலுவல் ஆவணங்கள் நிறைய இருப்பதால் நடை கொஞ்சம் அரசாணை போலிருக்கும். அதே குழு 2017இல் கொண்டுவந்த டீப்பெல்லும், கூகுள் மொழிபெயர்ப்பும் முழு வாக்கியம் கொடுத்தால் மட்டும். ஒற்றைச் சொல்லைக் கொடுத்தால் எந்தப் பொருள் என்று அதற்குத் தெரிய வழியே இல்லை, ஊகிக்கும். முந்தைய வாக்கியத்தையும் சேர்த்துக் கொடுங்கள். நீ, நீங்கள் வேறுபாட்டையும் சரிபாருங்கள்: ஆங்கிலத்தில் அது இல்லாததால் ஒரே கடிதத்தில் ‘தூ’ (நீ), ‘உஸ்தேத்’ (நீங்கள்) இரண்டும் கலந்து வரலாம். வாடிக்கையாளரை முதல் வரியில் நீங்கள் என்றும் மூன்றாம் வரியில் நீ என்றும் சொன்னால் எப்படி இருக்கும் என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

கடைசிச் சரிபார்ப்பு ஸ்பானிஷ் அரச கழகத்தின் அகராதியில். 1713இல் தொடங்கிய கழகம். அகராதியின் 23ஆம் பதிப்பு 2014இல் வந்தது, இணையத்தில் இலவசம். ஸ்பானிஷுக்கு ஸ்பானிஷிலேயே விளக்கம் இருப்பதால் பயப்பட வேண்டாம். ஆண்பால், பெண்பால், நாட்டுப்பெயர்ச் சுருக்கம் ஆகியவற்றைப் படிக்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. ஓர்தென் என்று தேடினால் எந்தப் பொருளுக்கு எந்தப் பால் என்று அங்கே தெளிவாகப் பிரிந்திருக்கும்.

கைபேசியை வெளியே வைத்துவிட்டு உள்ளே போகும் தளங்களில் வேலை செய்பவருக்கு இது எதுவுமே நேரத்துக்கு உதவாது. அவர்கள் சொற்பட்டியலை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும். ஒரு வரிக்கு ஒரு பொருள்: முதலில் தமிழ்ச்சொல், பிறகு எல் அல்லது லாவோடு ஸ்பானிஷ், அதன்பின் ஒரு குட்டி வாக்கியம், கடைசியில் நாடு. ஆங்கிலச் சொல்லைத் தலைப்பாக வைத்து அதன் எதிரே எட்டுச் சொல்லை அடுக்கினால், அவசரத்தில் மறுபடியும் முதல் சொல்லையே கை எடுக்கும்.

காகித அகராதி வேண்டும் என்பவர்கள் சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். வாங்குமுன் இரண்டு சோதனை. ஸ்பானிஷ் பகுதியில் சகரத்துக்கான இரட்டையெழுத்தும் (‘சி–எச்’) இரட்டை லகரமும் (‘எல்–எல்’) தனி எழுத்துகளாகத் தனிப் பிரிவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றைத் தனியாக அடுக்கும் வழக்கத்தை மொழிக் கழகங்கள் 1994இல் கைவிட்டன. இருந்தால் அது பழைய அடுக்குமுறைப் புத்தகம், கணினிச் சொற்களை அதில் தேடிப் பயனில்லை. அடுத்து ஆங்கிலப் பகுதியில் ‘சார்ஜ்’ பக்கத்தைத் திறங்கள். ஒவ்வொரு ஸ்பானிஷ் சொல்லுக்கு முன்னும் அடைப்புக்குறிக்குள் பணம், மின்சாரம், வழக்கு என்று குறிப்பு இருந்தால் விலை பேசலாம். வெறும் காற்புள்ளி போட்டு வரிசையாக அடுக்கியிருந்தால், அட்டை எவ்வளவு புதிதாக இருந்தாலும், அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.